வெறுங்கதிரைக்கு முன்னால் ஒரு நீதவான்

நீதவானிடம் வேலைக்குப் போகிறவர் முதலில் பழகவேண்டியது சட்டம் அல்ல, எழுந்து நிற்பது.

இத்தாலியின் பலெர்மோவில் வயதானவர்களுக்குத் துணையிருந்து பிழைக்கிற உங்களுக்கு இந்தத் தொழிலின் மற்றப் பாடங்கள் தெரிந்திருக்கும். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறோம். கைபிடித்துப் படி இறக்குகிறோம். சொன்ன கதையையே திரும்பச் சொல்லும்போது முதல்தடவை கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறோம். நான் அந்த வேலைக்குப் போகக்கூடாது என்பதற்காகவே என்னைப் படிப்பித்தார்கள். அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் மீன் துப்புரவாக்குகிறார். அம்மா வீடுகள் துடைக்கிறார். நான் இங்கேயே சட்டம் படித்து முடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அதன் பிறகு கிடைத்த முதல் வேலையைப் பற்றி நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். எனக்கு விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்றே எழுதுகிறேன்.

கிளாக்கர்

அம்மா துடைக்கும் வீடுகளில் ஒன்று அல்பெர்கேரியாவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய மாளிகையின் மேல்மாடி. அங்கே தனியே இருந்தவர் அமெரிக்காவில் மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் நீதவானாக இருந்து ஓய்ந்தவர். அவருடைய தாய் இந்தச் சந்தைக்குப் பக்கத்தில் பிறந்து, சின்னப் பெண்ணாகக் கப்பலேறிப் போனவர். அதனால்தான் கடைசிக் காலத்தில் இங்கே வந்து வீடு வாங்கியிருந்தார். தன் நீதிமன்ற வாழ்க்கையைப் புத்தகமாக்க வேண்டும், சொல்லச் சொல்லத் தட்டச்சுச் செய்ய ஆங்கிலமும் சட்டமும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார். அம்மா என்னைச் சொன்னார். நேர்முகத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் சட்டம் படித்தாய்?" வீட்டில் ஒத்திகை பார்த்து வந்த பதிலைச் சொன்னேன். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் இன்னும் கொஞ்சம் சொன்னேன். அப்போதும் பேசவில்லை. கடைசியில், சின்ன வயதில், அம்மாவின் பெர்மெஸ்ஸோவுக்காக, அதாவது இங்கே இருக்கும் அனுமதிக்காக, வரிசையில் நின்ற காலத்தில் அதிகாரிகள் எல்லாரும் என்னிடமே கேட்டார்கள், அம்மாவை நேரே பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் படித்தேன் என்று வாயில் வந்துவிட்டது. "இப்போதுதான் பதில் வந்தது" என்று வேலை தந்தார். பதவியின் பெயர் லோ கிளார்க். அமெரிக்காவில் சட்டம் படித்த பிள்ளைகள் அதற்குப் போட்டி போடுவார்களாம்.

அவருடைய பதவி வாழ்நாள் நியமனம். ஜனாதிபதி நியமிப்பார், செனட் சபை சம்மதிக்கும், பிறகு ஜனாதிபதியே நினைத்தாலும் இறக்கமுடியாது. அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று பின்னேரமே அமெரிக்காவிலிருந்து அவருடைய மகள் எனக்கு அழைத்தார். வாரம் ஒருதடவை அப்பாவைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும், அவருக்குத் தெரியக்கூடாது, தனியே இருக்கமுடியாது என்ற நிலை வந்தால் தான் வந்து கூட்டிக்கொண்டுபோய்த் தன் ஊரில் ஒரு இல்லத்தில் விடுவேன் என்றார். ஜனாதிபதியால் இறக்கமுடியாதவரை இறக்கும் சொல் என் வாயில் இருந்தது. நான் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க, அம்மாவுக்கு வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயில் இருக்கும் மலைக்குப் போகும் பஸ்ஸில் எங்கள் தமிழ் ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். அம்மா சொன்னார்: "ஐஞ்சு வருசம் சட்டம் படிச்சுப்போட்டுக் கிளாக்கரோ? நீதவானோடை வேலை எண்டுமட்டும் நான் சொல்லுறன். மிச்சத்தை நீ ஒருத்தரிட்டையும் கதையாதை."

எழுந்து நில்லுங்கள்

வேலை நடந்த அறை மாளிகையின் பழைய வரவேற்பறை. ஒரு பக்கம் தரை ஒரு படி உயர்ந்திருந்தது. அந்தப் படிக்கு மேல் அவருடைய மேசை. கீழே, மேசைக்கு நேரெதிரே, வைக்கோல் பின்னிய ஒரு கதிரை. எனக்குச் சுவரோரம் சின்ன மேசை. காலையில் அவர் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு கதவடியில் நிற்பார். நான் "எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லவேண்டும். சொல்பவளும் நான், எழுந்து நிற்பவளும் நான். சினிமாவில் வரும் சுத்தியல் அவரிடமும் இருந்தது, ஆனால் அதை ஒருநாளும் தட்டியதில்லையாம். குசினியில் கிடந்தது. அம்மா அதால் உள்ளி இடிப்பார்.

உட்கார்ந்ததும் ஒரு பெயரையும் வழக்கையும் சொல்லுவார். வங்கிக் கொள்ளை, எல்லை தாண்டிய சரக்கு, பொய்க் கடவுச்சீட்டு. பிறகு அந்தக் கதிரையைப் பார்த்து, "நான் தண்டனை சொல்லுமுன் நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்பார். அங்கே அது சட்டம். வக்கீலைக் கேட்டால் போதாது, ஆளையே பார்த்துக் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு இவர் காத்திருப்பார். நேர்முகத்தில் என்னிடம் காத்திருந்த அதே முகம். அந்த நேரம் நான் விசைப்பலகையில் கை வைக்கப் பயப்படுவேன். பிறகு தலையை ஆட்டி, "நன்றி, உட்காரலாம்" என்பார். அதற்குப் பிறகுதான் புத்தகத்துக்கான கதை வரும். வேலைக்குச் சேர்ந்து கொஞ்சநாளில், துணிவை எல்லாம் திரட்டி, கதிரையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். சரியான ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஒருவரும் இல்லையென்றால், மிஸ், நான் ஏன் காத்திருக்கிறேன்?"

சந்தை வாய்

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவரைக் கைபிடித்துப் பல்லரோவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே பழம் விற்கும் தூரி, பட்டம் எடுத்த நாளிலிருந்து என்னை மரியாதையாகத் தொத்தொரெஸ்ஸா என்றுதான் கூப்பிடுவார். மற்றக் கடைக்காரருக்குக் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் உரத்தே கூப்பிடுவார். எனக்கு வெட்கமாக இருக்கும், பிடிக்கவும் செய்யும். குளிர்காலம் முடிகிற நேரம், சியாகுல்லியிலிருந்து பிந்திப் பழுக்கும் மண்டரின் தோடம்பழம் வந்திருந்தது. நீதவான் ஒன்றை எடுத்து மணந்துபார்த்துத் தூரியிடம் சிசிலிப் பேச்சில் ஏதோ கேட்டார்.

தூரியின் கை பழக்கூடையில் அப்படியே நின்றுவிட்டது. நீதவான் பேசியது அவருடைய தாய் கப்பலில் கொண்டுபோன பேச்சு. தாய் போனபிறகு இங்கே பேச்சு மாறிவிட்டது, அங்கே அவர் வாயில் அது மாறாமல் இருந்தது. அவ்வளவுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து கூடி, ஒன்றும் பேசாமல், அவர் இன்னும் பேசட்டும் என்று நின்றார்கள். சந்தையில் அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. தூரி பழத்தைப் பையில் போட்டு, குனிந்து என் காதில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்: "தொத்தொரெஸ்ஸா, மனுசன் நல்லவர், எனக்குத் தெரியுது. ஆனா எங்கடை செத்த ஆக்களின்ரை வாயாலை கதைக்கிறார். கெதியா வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ."

மூன்றாவது கோப்பை

அம்மா துடைக்க வரும் நாட்களில் கோப்பியும் அவர் கையால்தான். நீதவானுக்குக் கரண்டி நிறைய மூன்று சீனி போடவேண்டும், வைத்தியர் வேண்டாம் என்று சொல்லியும் விடமாட்டார். எனக்கு ஒன்று. ஒருநாள் அம்மா தட்டத்தில் மூன்று கோப்பை கொண்டுவந்தார். நீதவானுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதை வைக்கோல் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்காலியை இழுத்து அதில் வைத்தார். நீதவான் அம்மாவைப் பார்த்துத் தலை குனிந்தார். நீதிமன்ற ஊழியர் ஒருவர் தன் கடமையைச் சரியாகச் செய்தால் குனிவதுபோல.

குசினிக்குள் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய மறதிக்கு நாங்களும் ஒத்து ஊதக்கூடாது, நான் ஒவ்வொரு கிழமையும் மகளுக்குப் பதில் சொல்லவேண்டியவள், இது எனக்கு இன்னும் கஷ்டம் என்றேன். அம்மா உள்ளி இடித்துக்கொண்டிருந்தார். "இருக்கிற ஆளுக்குக் குடுக்காமல் விடலாமோ?" என்றார். பகிடியா என்று முகத்தைப் பார்த்தேன். அம்மா பகிடி விட்டால் வாயின் ஒரு பக்கம் துடிக்கும். துடிக்கவில்லை. கோபத்தில், அந்த ஆளுக்கு எத்தனை சீனி போட்டீர்கள் என்று கேட்டேன். அம்மா சுத்தியலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்தாள் சீனி வேண்டாமெண்டிட்டுது."

ஒன்றுமில்லை என்றவர்கள்

நீதவான் வேகமாகப் பேசும் நாட்களில் போனில் பதிந்து, பிறகு கேட்டுத் தட்டச்சுச் செய்வேன். ஒரு வாரத்துப் பதிவுகளைச் சேர்த்துக் கேட்டபோதுதான் கவனித்தேன். யன்னல் திறந்திருக்கும், சந்தையில் மீன்காரர்கள் கத்துவது பின்னால் கேட்டுக்கொண்டேயிருக்கும். அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். உடனே சத்தம் எல்லாம் நின்றுவிடும். யாரோ யன்னலைச் சாத்தியதுபோல. அவர் "நன்றி, உட்காரலாம்" என்றதும் மீன்காரர்கள் திரும்ப வருவார்கள். எல்லாப் பதிவிலும் அப்படியே. போனில் இரைச்சலைக் குறைக்கும் வசதி ஒன்று உண்டு, அதுவாக இருக்கலாம். அதை நிறுத்திவிட்டு மறுநாள் பதிந்தேன். அன்றும் அப்படியே. அந்த வசதி சரியாக நிற்கவில்லையாக்கும்.

அவரிடம் போட்டுக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தன் காலத்தில் அந்தக் கேள்விக்கு அழுதவர்கள் இருந்தார்கள், தாயிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் இருந்தார்கள், தன்னை ஏசியவனும் இருந்தான் என்றார். ஆனால் மிகப் பலர் சொன்னது ஒரே பதில்: ஒன்றுமில்லை, ஐயா. பயம், வெட்கம், வக்கீல் பேசவேண்டாம் என்று சொன்னது. அவர்களும் மனிதர்கள்தானே, ஒன்றுமே இல்லாமலா இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாராம். சட்டம் கேட்கச் சொல்கிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு, புத்தகத்தில் போடாதே என்று சொல்லிவிட்டுச் சொன்னார்: "அன்று பேசியவர்கள் ஒருவரும் இங்கே வருவதில்லை. ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள்தான் வருகிறார்கள்." புத்தகத்தில் போடவில்லை. இது புத்தகம் இல்லை.

அம்மாவின் சத்தியம்

எல்லாம் இப்படியே இருண்ட கதை என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் புதிதாகக் குடியுரிமை பெறுகிறவர்களுக்குச் சத்தியம் செய்துவைப்பதும் மாவட்ட நீதவானின் வேலை. தன் வேலையில் எல்லாரும் சிரித்துக்கொண்டு வெளியே போன நாட்கள் அவைதான் என்பார். அப்படி ஒரு நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா தேங்காய்ச் சம்பலோடு உள்ளே வந்தார். அகப்பை கையில். நீதவான் எழுந்து நின்று, வலக்கையைத் தூக்கும்படி சைகை காட்டினார். அம்மா அகப்பையோடு தூக்கினார். அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் விளங்காமல், அம்மா திருப்பிச் சொன்னார். முடிந்ததும் நீதவான் இறங்கிவந்து கைகொடுத்து, "வாழ்த்துகள், நீங்கள் இப்போது அமெரிக்கக் குடிமகள்" என்றார். அவருடைய கண் நனைந்திருந்தது.

அவர் கை கழுவப் போனதும் நடந்ததை அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா நெடுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் எடுத்த அடையாள அட்டையையும், இங்கே ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க நின்ற வரிசையையும் நினைத்திருப்பார் என்று நினைக்கிறேன். "எத்தினை நாட்டுக்குத்தான் பிள்ளை நான் சத்தியம் செய்யிறது? இந்த மனுசன் மட்டுந்தான் கைகுடுத்தது."

மகளின் கேள்வி

இவ்வளவையும் வைத்துக்கொண்டு மகளுக்கு நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். பொய் சொல்லவில்லை. சாப்பிடுகிறார். நடக்கிறார். காலையில் வேலை செய்கிறார். மாத்திரை மறப்பதில்லை. எல்லாம் உண்மை. இரவில் படுத்துக்கொண்டு, உண்மையை இப்படித் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பதும் பொய்யின் ஒரு வகையா என்று யோசிப்பேன். அவர் போனால் என் வேலையும் போகும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் என் யோசனையிலேயே எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

மகள் கெட்டவர் அல்ல. களைத்த குரல், எப்போதும் என் பெற்றோரைச் சுகம் விசாரித்துவிட்டுத்தான் தொடங்குவார். ஒரு வாரம் நேராகவே கேட்டார்: "இல்லாத ஆட்களோடு அப்பா பேசுகிறாரா?" நான் கவனமாக யோசித்தேன். பேசுகிறார் என்பது நிச்சயம். மற்றப் பாதியில்தான் சந்தேகம். "பேசுகிறார். இல்லாத ஆட்களோடா என்பதை என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை. அப்பாவின் காத்திருப்பு மகளுக்கும் வந்திருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் நான் உங்களைப் பற்றியும் கவலைப்படவேண்டுமா?"

உச்சிப்பொழுது

உச்சிப்பொழுதில் தனியே வெளியே போகாதே என்று எங்கள் ஆட்கள் சொல்வதைப் பலெர்மோவில் வந்துதான் நம்பலாம். வெயில் காலத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு, கடைகள் சாத்தி, யன்னல் பலகைகள் சாத்தி, நகரம் முழுவதும் கண்ணை மூடிக்கொள்ளும். அன்று ஆபிரிக்காவிலிருந்து வரும் சூட்டுக் காற்று வேறு. நீதவான் படுத்திருக்கிறார் என்று நினைத்து நான் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். வைக்கோல் கதிரை முறுகியது, யாரோ எழும்பினால் முறுகுவதுபோல. திரும்பிப் பார்த்தேன். கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. சூட்டில் வைக்கோல் முறுகும். ஆனால் வாசற்கதவு திறந்து கிடந்தது. அவருடைய கட்டிலும் வெறுமை. அங்கி மாட்டும் கொளுவியும் வெறுமை.

ஓடினேன். பல்லரோவில் மனித நடமாட்டம் இல்லை. சாத்திய கடைகளுக்கு நடுவில், தலைகீழாகக் கவிழ்த்த பழப்பெட்டியில், கறுப்பு அங்கியோடு அவர் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை. கார்கள் விரையும் பெரிய தெருவைக் கடந்தும் எங்கோ போய் வந்திருக்கிறார், பாதம் தாரால் கறுத்து ஒரு இடத்தில் வெட்டியிருந்தது. அவர் முன்னால் தூரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் முழுக்கக் கண்ணீர். என்ன நடந்தது என்று கேட்டேன். "சாத்திக்கிடந்த கடை கடையாப் பாத்து, ஏதும் சொல்ல விருப்பமோ எண்டு கேட்டுக்கொண்டு வந்தவர், தொத்தொரெஸ்ஸா. நான் உள்ளை படுத்திருந்தன், எழும்பி வந்து சொல்லிப்போட்டன். இத்தினை வருசத்திலை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

தீர்ப்பு

அந்தப் பாதத்துக்கு மருந்து கட்டும்போதே முடிவெடுத்துவிட்டேன். அன்று மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தெரு, செருப்பு, வெட்டு. இந்த முறை ஒன்றையும் வெட்டிக் கொடுக்கவில்லை. கார் அடித்திருந்தால் என் துண்டு உண்மைகள் யாருக்கு உதவும்? மகள் வந்தார், ஒரு வைத்தியரோடும் ஒரு வக்கீலோடும். கூடுவதற்கு வசதியான மேசை அந்த வீட்டில் ஒன்றுதான். மூன்று பேரும் படிக்கு மேலே, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். மிஞ்சியிருந்தது வைக்கோல் கதிரை. மகள் அன்பாகத்தான் அப்பாவின் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தார். அவர் மறுக்கவில்லை. அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால் அந்த மேசை எவ்வளவு உயரம் என்று முதல்தடவை பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்தார்.

பேச்சு அவரைப் பற்றியே நடந்தது. வைத்தியர் மகளிடம் பேசினார், மகள் வக்கீலிடம் பேசினார், வக்கீல் என்னிடம் திரும்பி, நடந்தது இதுதானா என்று கேட்டார். ஓம் என்றேன். அது உண்மை. இரண்டு கிழமையில் பயணம் என்று முடிவானது. மகள் எழும்பக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். சின்ன வயதில் வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. எழுந்து நின்றேன். நீதவானை நேரே பார்த்து, "முடிவு சொல்லுமுன் நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டேன்.

யன்னல் திறந்துதான் இருந்தது. மீன்காரர்களின் சத்தம் நின்றது. மகளும் அதைக் கவனித்தார், யன்னலைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் காத்திருந்தோம். நான் பேச வாய் திறக்கவில்லை, அது அவர் எனக்குப் பழக்கியது. அவருடைய உதடு இரண்டு தடவை அசைந்தது. ஏதாவது சொல்லுங்கள், இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லுங்கள், மகள் கேட்பார் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்து, கிட்டத்தட்டக் குறும்பாகச் சிரித்தார். "இப்போதைக்கு ஒன்றுமில்லை, மிஸ். இந்தக் கதிரையை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே."

சீனி

வீட்டை விற்றபோது மகள் என்ன வேண்டும் என்று கேட்டார். கதிரையைக் கேட்டேன். தூரி தன் மூன்றுசில்லு வண்டியில், தோடம்பழப் பெட்டிகளுக்கு மேலே கட்டிக் கொண்டுவந்து தந்தார். கூலி வேண்டாம் என்றார், கதிரையைத் தொடும்போது மட்டும் தொப்பியைக் கழற்றினார். எங்கள் வீட்டுக் குசினி யன்னலடியில் வைத்தோம். நான் இப்போது ஒரு வக்கீலின் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் வந்தால் பிள்ளைகளிடம் கேட்காமல் தாய்மாரைப் பார்த்துக் கேட்கிறேன், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். வக்கீலுக்கு அது பிடிப்பதில்லை, நேரம் போகிறதாம். அம்மா காலையில் கோப்பி போட்டால் கதிரைக்கும் ஒன்று வைப்பார், சீனி இல்லாமல். அப்பா அதைப் பற்றிக் கேட்பதில்லை. மீன் வேலைக்காரருக்குக் காலையில் அவசரம்.

போன மாதம் ஒரு காலை, அம்மா அந்தக் கோப்பைக்குள் சீனி போடுவதைக் கண்டேன். கரண்டி நிறைய மூன்று. கலக்கி, முக்காலியில் வைத்து, சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஏன் என்று கேட்க வாயெடுத்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டேன். அமெரிக்காவிலிருந்து மகள் அழைத்தது அன்று மத்தியானம்தான். அழுதுகொண்டு, அப்பா நித்திரையிலேயே போய்விட்டார், வேதனைப்படவில்லை என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, யன்னலடியைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்: "தெரியும் பிள்ளை. காலமை வந்தவர். கெதியா ஒண்டும் சொல்லமாட்டார் போலை கிடக்கு, நீ கைகாலைக் கழுவிப்போட்டு வந்து இரு."

வாழ்நாள் நியமனம் என்று அமெரிக்கச் சட்டம் எழுதிவைத்திருப்பது, என் அனுபவத்தில், கொஞ்சம் குறைத்து எழுதியதுதான்.